பக்கத்து நாற்காலியின் மூச்சு

யாராவது கேள்வி கேட்டால் கீதன் முதலில் மூச்சை வெளியே விடுவான். பிறகு உள்ளே இழுப்பான். அதற்குப் பிறகுதான் பதில் வரும். சாப்பிட்டாயா என்ற கேள்விக்கும் அப்படித்தான், பரீட்சையில் ஏன் குறைந்த புள்ளி என்ற கேள்விக்கும் அப்படித்தான். தெரியாதவர்களுக்கு அது சலிப்பாகப் பட்டது. சில ஆசிரியர்கள் திமிர் என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கரோலினுக்கு மட்டும் அது என்னவென்று தெரியும். அவளுக்கும் அதே பாடத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: நிறைக்க முதல் வெறுமையாக்கு. பழைய காற்று நெஞ்சில் கிடக்க, அதற்கு மேல் புதுக் காற்றை அடைத்தால் பாதி வழியில் மூச்சு முட்டும். பிரெஞ்சு ஹோர்ன் என்ற சுருண்ட பித்தளைக் குழலை ஊதுகிறவர்களுக்கு அது அரிச்சுவடி. கரோலின் அதை ஹோர்னோடு நிறுத்திக்கொண்டாள். கீதன் வாய் திறக்கிற எல்லாவற்றுக்கும் அதையே செய்தான்.

இருவரும் ரொறன்ரோவின் டோர்செட் பார்க்கில் ஒரே அடுக்குமாடியில் வளர்ந்தவர்கள். ஏழாம் வகுப்பில் வாத்தியங்களைக் கொடுத்தபோது கடைசிப் பெயரின் அகரவரிசையில் கூப்பிட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்குத் தகப்பனின் பெயர்தான் கடைசிப் பெயர். ஸ்ரீஸ்கந்தராசாவின் மகன் கீதனுடைய முறை வந்தபோது சாக்ஸபோன், புல்லாங்குழல், டிரம் எல்லாம் முடிந்திருந்தன. அலுமாரிக்குள் இரண்டு ஹோர்ன்கள் மட்டும் கிடந்தன. அன்புராசாவின் மகள் கரோலின் வரிசையில் முதல் ஆளாக நின்றிருக்க வேண்டியவள். அன்று அவள் பள்ளிக்கு வரவில்லை. தாய் வேரோனிக்கா டொக்டரிடம் போகும்போது மொழிபெயர்க்க ஆள் வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போயிருந்தார். அடுத்த நாள் வந்தவளுக்கு மற்ற ஹோர்ன் கிடைத்தது.

பியானோவில் கட்டையை அழுத்தினால் அந்தச் சுரம் வரும். ஹோர்னில் அப்படி இல்லை. விரல் ஒரே இடத்தில் இருக்க, உதடு மயிரிழை இறுகினாலே வேறு சுரம் வந்துவிடும். மேலே போகப் போகச் சுரங்கள் நெருக்கமாக அடுக்கியிருக்கும். எது வரப்போகிறது என்பதை உதடு முதலே அறிந்திருக்க வேண்டும். அறியாவிட்டால் சுரம் உடைந்து, சேவல் தொண்டை கட்டினதுபோல ஒரு சத்தம் வரும். அதைக் கேட்டு முழு வகுப்பும் சிரிக்கும். கரோலின் அதற்கு அழுதிருக்கிறாள். கீதன் அழவில்லை. மூச்சை வெளியே விட்டான், உள்ளே இழுத்தான், திரும்ப ஊதினான்.

வீட்டில் ஊதுவதுதான் பெரும் பாடு. ஒரே சுரத்தை மெல்லத் தொடங்கி, பெருக்கி, மெல்லக் குறைத்து முடிக்கிற பயிற்சி ஒன்று உண்டு. முதல் நாளே கீதனின் தாய் ஜெயமலர் அகப்பையோடு குசினியிலிருந்து ஓடிவந்தார்.

“ஆற்றை செத்தவீடடா இஞ்சை? விளக்கு வைக்கிற நேரத்திலை சங்கு ஊதுறாய்!”

“அம்மா, இது ஹோம்வேர்க்.”

“கணக்கு ஹோம்வேர்க் ஒரு நாளும் உப்பிடிக் கத்தேல்லையே?”

மூச்சுப் பயிற்சிக்கு நிலத்தில் மல்லாந்து படுத்து, வயிற்றில் பாரம் வைத்து, அது ஏறி இறங்குவதைப் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கீதன் அரிசிப் பையை எடுத்து வைத்துக்கொண்டான். பின்னேர வேலை முடிந்து வந்த ஸ்ரீஸ்கந்தராசா கதவடியில் நின்று பார்த்தார்.

“என்னடா, அரிசிக்குக் காவலே?”

ஒவ்வொரு முறையும் மகன் மூச்சை இழுத்து விட, “பெருமூச்சு விடாதை, வீட்டுக்குத் தரித்திரம்” என்று தாய் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். கடைசியில் கீதன் நிலத்தடிக் கார்த் தரிப்பிடத்துக்குப் போய்விட்டான். அங்கே சுவர் சத்தத்தைத் திருப்பித் தந்தது. கரோலின் தேவாலய மண்டபத்துச் சாமான் அறைக்குப் பக்கத்தில் ஊதினாள். குளிர் கூடின நாட்களில் அவளும் கீதனோடு கீழே போவாள். கார்கள் வந்தால் நிறுத்துவார்கள், போனால் தொடங்குவார்கள். அவர்களுடைய நட்பு பெரும்பாலும் இதுதான். பெரிதாக எதுவும் பேசினதாக அவளுக்கு ஞாபகம் இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா கார்ப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் வேலை செய்தார். மகனின் கச்சேரி எதற்கும் அவர் உள்ளே வந்ததில்லை. ஆனால் ஒவ்வொன்றுக்கும் அவர்தான் கார் ஓட்டினார். பெட்டியைத் தூக்கி வைப்பார், மண்டபத்து வாசலில் இறக்கிவிடுவார். பிறகு தரிப்பிடத்தில் ஹீற்றரைப் போட்டுக்கொண்டு தமிழ் வானொலி கேட்டபடி இருப்பார். ஒருமுறை கரோலின் கேட்டாள்.

“அங்கிள், உள்ளுக்கு வாங்கோவன். சும்மாதானே இருக்கிறியள்.”

“எனக்கு உது விளங்காது பிள்ளை. ஆர் எந்த இடத்திலை கைதட்டுறது எண்டும் தெரியாது. நீங்கள் போய் ஊதிப்போட்டு வாங்கோ. நான் இஞ்சை நிக்கிறன்.”

கீதன் அதைக் கேட்டுக்கொண்டு நின்றான்.

பள்ளி முடிந்தது. கரோலின் பல்கலைக்கழகம் போனாள், அன்புராசா குடும்பத்தில் முதல் பட்டதாரி. கறுப்பு அங்கியோடு நிற்கும் படம் மாதாவின் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. இப்போது ஒரு கிளினிக்கில் அப்பொயின்ற்மென்ற் பதிகிறாள். அடுத்து என்ன என்று ஆட்கள் கேட்கும்போது அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. படித்தது பிடித்ததா என்று தன்னைக் கேட்டுப் பார்த்தாள். பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. கவலையா என்றால் இல்லை, சந்தோஷமா என்றால் அதுவும் இல்லை. கீதன் பகுதிநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டு லிப்ற் திருத்துகிற ஒருவரிடம் உதவியாளாக நின்றான். செவ்வாய் மாலைகளில் இருவரும் ஸ்காபரோவில் ஒரு சமூக ஓக்கெஸ்ட்ராவுக்குப் போனார்கள். கீதன் முதலாவது ஹோர்ன், கரோலின் இரண்டாவது.

ஹோர்ன்காரர்களின் வாழ்க்கையில் பெரும் பகுதி காத்திருப்பு. மோட்சார்ட் என்றால் இரண்டு சுரம் ஊதிவிட்டுப் பக்கம் பக்கமாக எண்ணிக்கொண்டிருக்க வேண்டும். வால்ஸ் என்ற மூன்று தட்டு நடன இசை என்றால் முதல் தட்டு வேறு யாருக்கோ. ஹோர்னுக்கு இரண்டாவதும் மூன்றாவதும்தான்: பா பா, பா பா, மாலை முழுவதும். எப்போதாவது ஒரு மெட்டு வந்தால் அது முதலாவது ஹோர்னுக்கு. இரண்டாவது ஹோர்ன் கீழே நின்று தாங்கும். முதலாமவர் எங்கே மூச்செடுப்பார், எந்த இடத்தில் சற்று இழுப்பார் என்று காதைக் கொடுத்தபடியே இருக்க வேண்டும். கரோலினுக்கு அது நன்றாக வந்தது. வேறொருவருடைய மூச்சைக் கவனிப்பதில் அவள் கெட்டிக்காரி. தன்னுடையதைக் கவனிக்கச் சொன்னால் தடுமாறுவாள்.

அந்த வருடம் ஓக்கெஸ்ட்ராவின் நடத்துநர் கிளாடெட் ஒரு பெரிய சிம்பொனியைத் தெரிவு செய்தார். ஜமேக்காவில் பிறந்து, ரொறன்ரோப் பள்ளிகளில் இசை படிப்பித்து ஓய்வு பெற்றவர் அவர். கச்சேரி மே மாதம். அந்த சிம்பொனியின் கடைசிப் பகுதியில் எல்லா வாத்தியங்களும் அடங்கி நிற்க, மலையிலிருந்து யாரோ கூப்பிடுவதுபோல ஒரு ஹோர்ன் மெட்டு எழும்பும். ஒவ்வொரு நெடுஞ்சுரமும் ஒரு மூச்சுக்கு மேலே நீளும். எழுதியவர் அதற்கு ஒரு வழி செய்திருந்தார். முதலாவது ஹோர்ன் சுரத்தைப் பிடித்திருக்க, அது முடியும் தறுவாயில் இரண்டாவது ஹோர்ன் அதே சுரத்தில் சத்தமில்லாமல் சேர்ந்துகொள்ளும். அந்த இடைவெளியில் முதலாமவர் மூச்சை எடுத்துக்கொண்டு அடுத்த சுரத்தில் ஏறுவார். கேட்பவருக்கு மூச்சே எடுக்காத ஒரு மனிதர் ஊதுவதுபோல இருக்கும்.

கீதன் அதை வீட்டில் சொன்னான். எப்படிச் சொன்னான் என்று கரோலினுக்குத் தெரியாது. ஆனால் அடுத்த கிழமை காரில் ஏறும்போது ஸ்ரீஸ்கந்தராசா சொன்னார், “மே மாதம் நான் உள்ளுக்கு வாறன் பிள்ளை. வேலையிலை லீவு கேட்டாச்சு. இவன் தனிய ஊதுறானாமே.”

கீதன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தான். அவனுடைய காது சிவந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பல் விவகாரம் வந்தது.

எங்கள் வீடுகளில் ஒரு வழக்கம். தகப்பனின் வேலைத்தலத்துப் பெனிபிட், அதாவது கண், பல் செலவுக்கான காப்புறுதி, பிள்ளைகளுக்கு இருபத்தைந்து வயது வரைதான் கிடைக்கும். அந்தப் பிறந்தநாள் கிட்ட வரும்போது வீடு பரபரக்கும். கண் காட்டு, பல் காட்டு, முதுகைப் பிடித்துவிடு, எல்லாவற்றையும் முடிய முதல் செய்துவிடு. கரோலின் வீட்டிலும் இதே கதைதான். அவளுக்கு இரண்டு மூக்குக்கண்ணாடி செய்தார்கள். ஒன்று இன்னும் பெட்டிக்குள் கிடக்கிறது. கீதனுக்கு நாலு ஞானப்பல்லையும் பிடுங்குவது என்று முடிவானது. ஒன்றும் வலிக்கவில்லை.

“வலிக்கேல்லை எண்டால் ஏன் அன்ரி?” என்று கரோலின் கேட்டாள்.

“நாளைக்கு வலிச்சால் ஆர் குடுக்கிறது?” என்றார் ஜெயமலர். “சும்மா கிடைக்கிறதை ஏன் விடுவான்?”

கீழ்ப்பல் ஒன்றின் வேர் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை விட்டுவைக்கலாம் என்று பல் வைத்தியர் சொல்லியிருந்தார். என்ன வேலை செய்கிறாய் என்றும் கேட்டிருந்தார். லிப்ற் வேலை என்று கீதன் சொன்னான். ஹோர்ன் ஊதுகிறேன் என்று சொல்ல அவனுக்குத் தோன்றவில்லை. சம்பளம் தராத ஒன்றை அவர்கள் வீட்டில் யாரும் வேலை என்ற கேள்விக்குப் பதிலாகச் சொன்னதில்லை.

கடைசியில் நாலையும் பிடுங்கினார்கள். வீக்கம் வற்றியது. வலப்பக்கக் கீழுதட்டின் விறைப்பு மட்டும் போகவில்லை.

பயிற்சிக்குத் திரும்பி வந்த முதல் செவ்வாயே கரோலினுக்குத் தெரிந்துவிட்டது. ஹோர்னின் ஊதுமுனையான மவுத்பீஸை உதட்டில் வைத்ததும் அவனுடைய வாயோரத்தால் காற்றுக் கசிந்தது. உதட்டோரத்திலிருந்து நாடிக்கு எச்சில் வழிந்தது, அவன் துடைக்கவில்லை, அவனுக்கு அது தெரியவேயில்லை. நடுச் சுரங்கள் வந்தன. மேலே ஏறும்போது உடைந்தன. இடைவேளையில் இருவரும் குளிருக்குள், அன்று கீதனே ஓட்டிவந்த காரில் போய் இருந்தார்கள். அவன் கார்க் கண்ணாடியைத் திருப்பித் தன் வாயைப் பார்த்தான்.

“I can't feel it. மவுத்பீஸ் எங்கை இருக்கெண்டு தெரியேல்லை. கண்ணாடியிலை பாத்துத்தான் வைக்கிறன்.”

“திரும்ப வருமாமோ?”

“வரலாமாம். வராமலும் விடலாமாம். ஆறு மாசம், ஒரு வருசம்.”

“மே வந்திடுமேடா.”

“தெரியும்.”

“கிளாடெட்டிட்டைச் சொல்லு.”

அவன் மூச்சை வெளியே விட்டான். “அப்பா லீவு எடுத்திட்டார்,” என்றான். “இருபது வருசத்திலை அந்த மனிசன் தனக்கெண்டு ஒரு நாள் லீவு கேட்கேல்லை. நீ மே முடியும் மட்டும் என்ரை சுரங்களைக் கொஞ்சம் பிடி. அவ்வளவுதான்.”

கரோலின் ஓம் என்றாள். ஏன் சொன்னாள் என்று பிறகு பலமுறை யோசித்தாள். பாசமா, பழக்கமா, இல்லை என்று சொல்லத் தெரியாததா. ஒரு பட்டம் எடுத்த ஆளுக்குத் தன் மனம் இவ்வளவு இருட்டாகவா இருக்கும் என்று பட்டது. வேலைக்குப் போனாள், வந்தாள், செவ்வாய்க்கிழமைகளில் பிடித்தாள்.

பிடிப்பது மெல்ல மெல்லக் கூடியது. முதலில் நெடுஞ்சுரங்களின் நுனியை எழுதியதைவிடச் சற்று முந்தி எடுத்துக்கொண்டாள். பிறகு அவன் உடைக்கிற மேற்சுரங்களை அவனோடு சேர்ந்து ஊதினாள், அவன் விட்டால் தெரியாமல் இருக்க. சத்தம் வெளிவரும் ஹோர்னின் அகன்ற வாய் பின்பக்கம் பார்த்திருக்கும், வலக்கை அதற்குள் இருக்கும். சத்தம் பின்சுவரில் பட்டுத்தான் முன்னால் வரும். பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இருவரில் எவர் ஊதுகிறார் என்று எதிரில் இருப்பவர்களால் சொல்ல முடியாது. கரோலின் கீழ்ச்சுரங்களுக்குப் பழகினவள். மேலே ஏற மூச்சின் வேகம் கூட வேண்டும், விலாவின் பின்பக்கம் வரைக்கும் காற்று இறங்க வேண்டும். அவளும் வீட்டில் நிலத்தில் படுத்துப் பழகினாள். “என்ன பிள்ளை, சுகமில்லையோ?” என்று அன்புராசா கேட்டுவிட்டுப் போனார்.

கிளாடெட்டின் காது கூர்மையானது. ஏப்ரலில் ஒரு நாள் கரோலினைத் தனியே மறித்து, அந்த மெட்டை நீயே ஊதுகிறாயா, இடம் மாறி இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்றார். கரோலினுக்குத் தொண்டை வரைக்கும் ஒரு ஆசை வந்தது. அப்படி ஒன்று தனக்குள் இருந்ததே அவளுக்குப் புதினம். முதலாவது ஹோர்ன் கரோலின் அன்புராசா என்று கச்சேரித் தாளில் அச்சாகி வரும்.

“கீதன் சரிவந்திடுவான்,” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

கிளாடெட் அவளை ஒரு கணம் பார்த்துவிட்டு, சரி, உங்கள் இருவரின் விருப்பம் என்று போய்விட்டார்.

மே மாதம் வந்தது. ஸ்ரீஸ்கந்தராசா கலியாணத்துக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். ஜெயமலர் காஞ்சிபுரம் கட்டியிருந்தார். இரண்டாவது வரிசையில் இருந்தார்கள். ஓக்கெஸ்ட்ரா சுருதி சேர்க்கும்போதே ஸ்ரீஸ்கந்தராசா கைதட்டத் தொடங்க, ஜெயமலர் அவருடைய கையைப் பிடித்து இறக்கினார். கீதன் அதைப் பார்த்துச் சிரித்தான். உதட்டின் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது.

கடைசிப் பகுதி வந்தது. வயலின்கள் நடுங்கும் சத்தத்துக்குள் கிளாடெட் ஹோர்ன்களை நோக்கிக் கையை உயர்த்தினார். கீதன் தொடங்கினான். முதல் நெடுஞ்சுரம் சுத்தமாக வந்தது, கரோலினுக்கே மயிர் கூச்செறிந்தது. முடியும் தறுவாயில் அவள் சேர்ந்துகொண்டாள். அவன் மூச்செடுக்கும் சத்தம் கேட்டது. இனி அவன் அடுத்த சுரத்தில் ஏற வேண்டும்.

அவன் ஏறவில்லை.

ஓரக்கண்ணால் பார்த்தாள். மவுத்பீஸ் அவன் உதட்டில் இருந்தது, கன்னம் அசைந்தது, காற்றுப் போகிற சத்தம் மட்டும் கேட்டது. சுரம் இல்லை. அவளிடம் பாதி மூச்சு மிச்சம் இருந்தது. யோசிக்க நேரம் இருக்கவில்லை. அவள் அடுத்த சுரத்துக்கு ஏறினாள். அதை முடித்து அதற்கடுத்ததற்கும் போனாள். சுரத்துக்கு நடுவே, மூக்கால், கள்ளத்தனமாக மூச்செடுத்தாள். முதலாமவனின் மெட்டு முழுவதும் இரண்டாவது நாற்காலியிலிருந்து போய், பின்சுவரில் பட்டு, மண்டபத்துக்குள் இறங்கியது. கீதன் ஹோர்னை இறக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, விரல்களைச் சரியான இடங்களில் அழுத்தியபடி, அவளோடு கூட மூச்செடுத்து விட்டுக்கொண்டிருந்தான். கிளாடெட்டின் கண் ஒருமுறை கரோலினில் நின்றது. பிறகு வயலின்களுக்குப் போய்விட்டது.

முடிவில் கிளாடெட் வழக்கப்படி முதலாவது ஹோர்னை எழும்பச் சொன்னார். கீதன் எழும்பினான். மண்டபம் கைதட்டியது. கரோலின் காத்திருந்தாள், தனக்குக் கோபம் வருகிறதா என்று. வரவில்லை. உதடு வீங்கிக் கனத்தது, அவ்வளவுதான்.

வெளியே ஸ்ரீஸ்கந்தராசா மகனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவருடைய கண் சிவந்திருந்தது.

“எனக்கு விளங்காதெண்டு இவ்வளவு காலமும் கார்க்குள்ளை இருந்திட்டன் மோனை. விளங்க ஒண்டுமில்லையடா இதிலை. கேட்டால் போதும்.”

கீதன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு காரை நோக்கி நடந்தான்.

பெட்டிகளைக் காரில் ஏற்றும்போது கரோலினின் பக்கத்தில் வந்து நின்றான். “அப்பாவுக்கு நான் சொல்லுறன். உன்ரை பேரைச் சொல்லித்தான் சொல்லுவன். இண்டைக்கு வேண்டாம். எனக்குக் கொஞ்சம் ரைம் தா.”

“எனக்கு ஒண்டுமில்லை,” என்றாள்.

“இல்லை. அது என்ரை கடன். நான்தான் சொல்லோணும்.”

கோடையில் அவன் ஓக்கெஸ்ட்ராவின் ஹோர்னைத் திருப்பிக் கொடுத்தான். விறைப்புப் போகவில்லை. கனடாவின் மேற்கே எட்மன்ரனில் ஒரு மச்சான் லிப்ற் வேலை எடுத்துத் தருவதாகச் சொல்ல, போய்விட்டான். செப்ரெம்பரில் கரோலின் முதலாவது நாற்காலிக்கு மாறினாள். புதிதாக வந்த ஒரு பெண் பக்கத்தில் இருக்கிறாள், நன்றாகவே பிடிக்கிறாள். கச்சேரித் தாளில் முதலாவது ஹோர்ன் என்று அவளுடைய பெயர் அச்சாகி வந்தது. கரோலின் அதை எடுத்துப் பார்த்துவிட்டுப் பையில் வைத்தாள்.

தீபாவளிக்கு ஜெயமலர் பலகாரம் வாங்கிப்போகக் கூப்பிட்டார். வீட்டில் இரண்டு விருந்தாளிகள் இருந்தார்கள். ஸ்ரீஸ்கந்தராசா போனை ரீவீயில் இணைத்து, மே மாதத்துக் கச்சேரியைப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தார். அவரே இரண்டாவது வரிசையிலிருந்து எடுத்தது. ஒருவருடைய தலை பாதியை மறைத்தது.

“இனித்தான் என்ரை மோன் வாறான். கதைக்காதேங்கோ.” மெட்டு எழும்பியது. “பாத்தியளே, எங்கையாவது மூச்சு விடுறானோ? சின்னனிலை அரிசிப் பையை வயித்திலை வைச்சுப் படுத்துக் கிடந்து பழகினவன்.”

விருந்தாளி ஒருவர் தலையை ஆட்டினார். கரோலின் வாசலில் நின்றபடி கேட்டாள். தான் ஆறாவது சுரத்தில் மூக்கால் கள்ள மூச்செடுக்கும் இடம் அவளுக்குக் கேட்டது. வேறு யாருக்கும் கேட்காது.

“நீயும் இதுக்குள்ளை இருந்தனியெல்லே பிள்ளை?” ஸ்ரீஸ்கந்தராசா திரும்பினார். “எவடத்திலை?”

“அவனுக்குப் பக்கத்திலை, அங்கிள். செக்கண்ட்.”

“ஓமோம், அந்தத் தலை மறைக்குது. நல்லா ஊதினான் என்ன?”

“நல்லா இருந்தது அங்கிள்.”

ஜெயமலர் கொடுத்த பலகாரப் பையோடு லிப்ற்றுக்குள் ஏறினாள். கீதன் சொன்னால் அந்த மனிதரிடம் என்ன மிஞ்சும் என்று அவளால் நினைத்துப் பார்க்க முடிந்தது. சொல்லாவிட்டால் தன்னிடம் என்ன மிஞ்சும் என்பதை நினைக்கப் போனால் மனம் எங்கும் பிடிபடாமல் நின்றது. கீதனுக்குப் போன் எடுத்து, “விடு, பரவாயில்லை” என்று சொல்லவும் அவளுக்கு மனம் வரவில்லை, எப்போது சொல்லப்போகிறாய் என்று கேட்கவும் வாய் வரவில்லை.

ஒவ்வொரு ஞாயிறும் கீதன் எட்மன்ரனிலிருந்து தகப்பனோடு கதைக்கிறான். அங்கே குளிர் எவ்வளவு, வேலைக்கு எத்தனை மணிக்குப் போகிறான், என்ன சமைத்தான் என்றெல்லாம் சொல்கிறான். இதை மட்டும் இன்னும் சொல்லவில்லை.